முன்னூற்றுப் பதினோரு சொந்தக்காரர்கள்

திருநெல்வேலி டவுணில் சிவசண்முகம் பிள்ளை வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு தெருவைக் காட்டுவார்கள். சன்னது சிவசண்முகம் என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். விடும்போது ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். சன்னது கைக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே பட்டப்பெயர் வந்துவிட்டது. ஊருக்கு எப்போதும் அந்த அவசரம் உண்டு.

சர்க்கார் ரயிலுக்கோ ரோட்டுக்கோ ஒருவர் நிலத்தை எடுத்துக்கொண்டால், போய்ப் பார்த்து, இன்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுக்கிறவர் மதிப்புக்காரர். நினைத்தவரெல்லாம் அப்படி எழுதிவிட முடியாது. அதற்குச் சர்க்கார் கொடுக்கிற அனுமதிப் பத்திரம்தான் சன்னது. ஒரு தாள், ஒரு முத்திரை, ஒரு துரை கையெழுத்து. அதற்காக இந்த மனுஷன் பன்னிரண்டு வருஷம் அலைந்தான். மரியாதைக்கு அவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நாம் அவனை இருபத்தொரு வயதிலிருந்து பார்க்கப் போகிறோம், அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆரம்பித்து வைத்தவர் அவனுடைய தாய்மாமன் சங்கரசுப்பிரமணிய பிள்ளை. ரயில் பாதைக்காகப் பேட்டையில் அவருடைய வயலில் ஒரு துண்டை எடுத்தார்கள். 1900ஆம் வருஷம். மதிப்புக்காரர் ஒருவர் வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாக வந்தார். பின்னால் அளவுச் சங்கிலி தூக்க இரண்டு ஆள். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு கேள்வி கேட்டு, ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயில் தர்மகர்த்தாவோடே வாய்ச்சண்டை போடுகிற மாமா, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நேரே தங்கை பாலம்மாள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மனுசன்னா அவன் மனுசன்ளா. நெலத்தப் பாக்கான், வெலையச் சொல்லுதான், மறுபேச்சு கெடையாது. பொண்ணக் குடுத்தா அப்படி ஒருத்தனுக்குக் குடுக்கணும்."

சொன்னது தங்கையிடம். பார்த்தது தங்கை மகனை.

மாமாவுக்கு ஒரே மகள் கோமு. சிவசண்முகத்துக்கு ஆறு வயதாகும்போது பிறந்தவள். தொட்டில் கட்டிய அன்றைக்கே, "உனக்குத்தாம்லே" என்று அவன் கையில் சர்க்கரையைக் கொடுத்துவிட்டார்கள். அத்தை மகன், மாமன் மகள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஊர்ப் பழக்கத்தில் அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அவள் அவனை அத்தான் என்று கூப்பிட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தைக் கேட்பதற்காகவே அவன் காரணமில்லாமல் மாமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆசை என்று அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு அப்போது தைரியமில்லை, நாம் வைப்போம்.

வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன், மறுநாளே சன்னதுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினான். விசாரித்து முடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. முதலில் அளவைப் பரீட்சை. அது முடிந்தால் நிலச் சட்டத்தில் ஒரு பரீட்சை. அப்புறம் சர்வேயர் ஒருவர் கீழே மூன்று வருஷம் வயல் வயலாக நடந்ததற்கு நற்சாட்சி. அதற்கு மேல் நன்னடத்தைக்கு இரண்டு பெரிய மனிதர் கையெழுத்து. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு நிலத்தை உண்மையிலேயே மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். இதெல்லாம் முப்பத்து மூன்று வயது முடிவதற்குள். முடிந்துவிட்டால் வாசலோடு சரி.

முதல் பரீட்சையிலேயே தவறினான். தவறிய விதத்தைச் சொன்னால் வேறு ஜில்லாக்காரன் நம்பமாட்டான். ஒரு வயலின் படத்தைக் கொடுத்துப் பரப்பளவு கேட்டிருந்தார்கள். பயல் கணக்கைப் பிசகில்லாமல் போட்டு, விடையை இத்தனை கோட்டை, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று எழுதி வைத்துவிட்டான். எவ்வளவு விதை தெளிக்கலாமோ அதுதானே நிலத்தின் அளவு? தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஏக்கர் என்ற ஒன்று சட்டப் புத்தகத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் வயல் என்றதும் கை தானாக விதையை அளந்துவிட்டது. திருத்தியவர் அவனுக்குச் சுழியம் போட்டார். அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழித்து. அந்த வருஷம் பாளையங்கோட்டையில் காலரா, பரீட்சையே நடக்கவில்லை. 1903இல்தான் முதல் படியைத் தாண்டினான். அதற்குள் ஊர் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது.

மறு ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். கூட்டத்தில் கோமு தாயாரோடு வந்தாள். பத்தொன்பது வயது, அந்தக் காலத்துக்கு அது தெருவே கணக்குப் பார்க்கிற வயது. தாயார் பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தான்." நிறுத்தம் இந்தத் தடவை அழைப்புக்குப் பின்னால் வந்தது. "அந்தப் பரீட்சை இன்னும் எத்தனை இருக்கு?"

"இன்னும் ஒண்ணு. அப்புறம் மூணு வருசம் சர்வேயர்கிட்ட. அப்புறம்..."

அவள் தேரைப் பார்த்தாள். வடம் இழுக்கிறவர்களின் சத்தம் பெரிதாக எழுந்தது, தாயார் கூப்பிட்டாள், போய்விட்டாள். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவன் பிற்பாடு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் பிரயோஜனமில்லை. யாரும் மறுபடி கேட்கவில்லை.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாலு வருஷம் காத்திருந்தார். ஆவணி பிறந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் வேட்டி துண்டும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பெண்ணை வெளியே கொடுப்பதானால் முறைக்காரனுக்கு இப்படிக் கொடுத்துச் சம்மதம் கேட்பது வழக்கம்.

"சேரன்மகாதேவியில எடம்லே. நல்ல நெலம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயசு கூட. என்ன செய்யச் சொல்லுத? நானும் எம்புட்டு நாள்தான் தெருவுக்குப் பதில் சொல்ல?"

சிவசண்முகம் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருந்திருக்கலாம். முறைக்காரன் மறுத்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் அவள் காதுக்குப் போயிருக்குமே. அந்த நினைப்பு அவனைப் பிற்காலத்தில் அரித்தது. புது வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் பந்தி விசாரித்தான்.

அதோடு சன்னதை விட்டுவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் விடவில்லை. பெண் போன பிறகு பத்திரம் எதற்கு என்று பாலம்மாள் வாய்விட்டே கேட்டாள். கோமுவுக்காக என்று தொடங்கியது, அவளோடு தனக்கு மிச்சமிருந்த ஒரே சங்கதியாகிவிட்டது. அதையும் விட்டால் கையில் ஒன்றுமில்லை. அம்மா கொண்டுவந்த வேறு பெண்களை எல்லாம், பரீட்சை முடியட்டும் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். சர்வேயர் பின்னால் சங்கிலி பிடித்து ஆற்றின் இரு கரையும் நடந்தான். மூன்று வருஷ நற்சாட்சியில் இரண்டை, சர்வேயர் மாற்றலாகிப் போனதால் சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை; மறுபடி முதலிலிருந்து நடந்தான்.

இதற்கிடையே 1907இல் கோமுவின் புருஷன் இறந்துபோனார். பிள்ளை இல்லை. நிலம் அவள் காலம் வரை அவளுக்கு. பாலம்மாள் மட்டும் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்வந்தாள்.

"நீ வரண்டாம். முறைக்காரன் நீ. சின்ன வயசுல தாலியறுத்துட்டு உக்காந்திருக்கா. நீ போய் நின்னா நாலு வாய் நாலு விதமாப் பேசும்."

அவன் போகவில்லை. முன்பின் தெரியாதவன்கூடப் போய் வாசலில் ஒரு நாழி உட்கார்ந்துவிட்டு வரலாம். நெருங்கின உறவு என்பதாலேயே அவன் போகக்கூடாது. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் என் கையில் அகப்பட்டால் கேட்க எனக்கும் இரண்டு கேள்வி உண்டு. அடுத்த வருஷம் மாமாவும் போய்ச் சேர்ந்தார். பாடை தூக்கினான். கோமு உள்ளே பெண்களோடு இருந்தாள். முகம் பார்க்கவில்லை, குரலும் கேட்கவில்லை.

1912இல் எல்லாப் படியும் தாண்டி, கடைசிப் படிக்கு வந்தான். சேரன்மகாதேவி சப்-கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் வேதநாயகம், பாளையங்கோட்டைக்காரர், முன்கோபி, நல்ல மனிதர். புதிதாக அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். இந்தத் தாலுகாவில் நிலம் வைத்திருக்கிற உன் உறவினர் யார் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் நிலத்துக்கு அவன் மதிப்புப் போடக்கூடாது. மறைத்தால் சன்னது இல்லை; கேஸும் உண்டு.

சப்-கலெக்டர் துரை மனதில் நினைத்தது அப்பா, அண்ணன், மாமனார், இவ்வளவுதான். பாரத்தில் அதற்கு ஆறு வரி விட்டிருந்தார்கள். சிவசண்முகம் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாலம்மாளை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுப் பத்து நாள் எழுதினான். சித்தப்பா கொழுந்தியாள் வீட்டுக்காரர், ஒன்றுவிட்ட அத்தையின் சம்பந்தி, பெரியப்பாவின் மூத்தாள் வழிப் பேரன். சைவப் பிள்ளைமார் வீட்டில் உறவைத் தோண்டத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? பதினேழு தாள் வந்தது. வேதநாயகம் எண்ணிப் பார்த்தார். முன்னூற்றுப் பதினோரு பேர்.

"என்னவே இது? வாக்காளர் ஜாபிதாவா? தாலுகாவுல பாதிய எழுதிட்டீரே. அப்ப நீரு யாரு நெலத்துக்குத்தான் மதிப்புப் போடுவீரு?"

"சொந்தம்னு கேட்டிருக்கு, ஐயா. உள்ளத எழுதணும்லா?"

"இம்புட்டு யோக்கியனா இருந்தா உத்தியோகம் பாக்க முடியாதுவே" என்று சொல்லிக்கொண்டே சிரஸ்தார் முத்திரை வைத்தார்.

யோக்கியன்தான். ஆனால் முன்னூற்றுப் பன்னிரண்டாவது பெயர் ஒன்று இருந்தது. அதை அவன் எழுதவில்லை.

மறந்து விட்டதல்ல. ரயிலடிக்குப் போகிற சாலையை அகலமாக்க எடுக்கப்போகும் நிலங்களின் பட்டியல் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருந்தது. பரீட்சைக்கு வருகிறவர்களுக்கு அதிலிருந்துதான் நிலம் ஒதுக்குவார்கள். பன்னிரண்டு பட்டாதாரர் பெயரில் ஏழாவதாகக் கோமு அம்மாள் என்று இருந்தது. மற்றப் பதினொன்றில் எட்டுப் பேர் அவன் எழுதிய ஜாபிதாவில் இருப்பவர்கள். அந்த நிலங்கள் அவனுக்கு வராது. அவள் பெயரையும் எழுதினால் அவள் நிலமும் வராது. எழுதாவிட்டால், சர்க்கார் செலவில், சர்க்கார் அதிகாரத்தோடு, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி அவள் வயலில் போய் நிற்கலாம். எட்டு வருஷத்தில் அவனுக்குத் திறந்த ஒரே வழி அது. தப்பு என்று தெரிந்தே செய்தான்.

அவள் நிலமும், உறவில்லாத மற்ற மூவர் நிலமும் அவனுக்கு ஒதுக்கப்பட்டன. இரண்டு சங்கிலி ஆட்களோடு புரட்டாசியில் போனான். அந்த மூவரும் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். வரி போட வருகிற அதிகாரியிடம் நிலத்தைத் தாழ்த்திப் பேசியே மூன்று தலைமுறை பழகிய வாய்கள் அவை. இவன் விலை கொடுக்க வந்திருக்கிறான், வரி போட அல்ல, என்று எவ்வளவு சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே, "இதுலயாய்யா? இதுல தண்ணியே ஏறாதே! புல்லுகூட மொளைக்காது" என்றார். இவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். உடையவர் வாக்குமூலத்தை எழுதியாக வேண்டும் என்பது விதி.

கோமு வயலுக்கு வரவில்லை, வரவும் கூடாது. தெருக்கோடி வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே சேதி கொண்டுவந்தவள் மாரிக்கண்ணு என்ற வேலைக்காரி, நடவுக்கு ஆள் கூட்டுகிறவள்.

"ஐயா, அம்மா சொல்லச் சொன்னாவ. மேக்க இருக்க மூணு வயல்லதான் நாங்க நாத்து பாவுதது. அங்கன மண்ணு நல்ல மண்ணு. கெழக்க கடைசி வயல் களரு. போட்ட வெதகூட வீடு வந்து சேராது. அத நல்லதோட சேத்து எழுதிரப்படாதுன்னாவ."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். நாற்றங்கால் போடுகிற வயல்தான் எந்தக் குடும்பத்திலும் உசந்த வயல். அதைப் பார்த்தே நிலத்தின் தரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க சர்வேயருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இவள் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதைத்தான் முதல் வரியில் சொல்லி அனுப்புகிறாள். நல்லதையும் சொல்கிறாள், களரையும் மறைக்கவில்லை. இந்தப் புத்தியோடு ஒரே வீட்டில் இருந்து கிழவனாகியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது.

"அம்மா வேற எதுவும் சொன்னாகளா?"

"வேற என்ன சொல்ல? அம்புட்டுதான் ஐயா."

ஒரு நாள் வேலை அது. மூன்று நாள் பார்த்தான். மேற்கு வயலை நாலு தடவை அளந்தான். சங்கிலி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மடைத் தண்ணீர் எத்தனை நாழி பாய்கிறது என்று கேட்டு அனுப்பினான். பதில் வந்தது. ஐப்பசியில் எதுவரை தண்ணீர் ஏறும் என்று கேட்டு அனுப்பினான். அதற்கும் பதில் வந்தது. ஒவ்வொரு பதிலும் கேட்ட அளவுக்கு மேல் ஒரு சொல் இல்லாமல் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. "வாரேன்னு சொல்லு" என்று மாரிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "வேல முடிஞ்சுன்னு சொல்லு" என்று திருத்தினான்.

மதிப்பை உள்ளபடி எழுதினான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. களர் வயலைத் தனியாகத் தாழ்த்தினான். ஆனால் மற்ற மூவரும் தங்கள் வாயாலேயே தங்கள் நிலத்தைக் கெடுத்திருந்தார்கள். அந்த வாக்குமூலங்களால் அவர்கள் மதிப்பு இறங்கிவிட, சாலையிலேயே உசந்த விலை கோமு அம்மாள் நிலத்துக்கு விழுந்தது. இருபதாம் நாள் கச்சேரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. கையெழுத்து இல்லை, விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. மதிப்புப் போட்டவன் அந்த அம்மாளுக்கு அத்தை மகன், கட்டவேண்டிய முறைக்காரன், ஆகவே கூட்டிப் போட்டான்.

விசாரணைக்கு நாள் குறித்து ஓலை வந்தபோது அவனுக்கு முப்பத்து மூன்று முடிய இரண்டு மாதம் இருந்தது. சேரன்மகாதேவிக்கு ரயிலேறினான். பேட்டை தாண்டும்போதே முடிவு செய்துவிட்டான்: ஒத்துக்கொள்வது. ஆமாம், என் மாமன் மகள்தான். சன்னது போகட்டும்; கேஸ் வந்தால் வரட்டும். வாயைத் திறக்காமல் ரயிலுக்குள் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பயந்துதான் இருந்தான், ஆனாலும் உள்ளே ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு துரைக்கு முன்னால், அவள் எனக்கு உறவு என்று சத்தமாகச் சொல்லப் போகிறான். அதை எழுதி முத்திரையும் வைப்பார்கள்.

கச்சேரி வாசலில் கூண்டு வண்டி நின்றது. அவள் வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆள் வழியாக வாக்குமூலம் எழுதி வாங்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தான். வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாரிக்கண்ணு துணைக்கு நிற்க, கதவோரமாக நின்றாள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. துரை புத்தகத் தமிழ் அறிந்தவர். வேதநாயகம் கேட்டு, பதிலை அவருக்கு எடுத்துச் சொன்னார். நிலத்துக்கு உடையவரை முதலில் விசாரிப்பது முறை என்று, அவனுக்கு முன்னால் அவளைக் கேட்டார்கள்.

"அம்மா, இங்கன நிக்காரே சிவசண்முகம் பிள்ளை, இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு கணம் நிறுத்தினாள். அவனுக்குத் தெரிந்த அதே நிறுத்தம். அடுத்து வரப்போகிற சொல்லுக்காக அவன் உடம்பெல்லாம் காதாக நின்றான்.

"ஒண்ணும் வேண்டாம்யா. இவுகளுக்கும் எனக்கும் உறவு கெடையாது."

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் குரல் அவன் காதில் விழுந்தது அந்த வாக்கியமாகத்தான்.

வேதநாயகம் தாளைப் புரட்டினார். "உங்க தகப்பனாருக்கு இவரு தங்கச்சி மகன்னு மனுவுல கண்டிருக்கு."

"அப்பா செத்தாச்சு. அவுக வழியா வந்த உறவப் பத்தி அவுககிட்டத்தான் கேக்கணும். எனக்கு உறவுன்னா என்னய்யா? நல்லது கெட்டதுக்கு வாசல்ல வந்து நிக்கதுதான உறவு? என் தலையில இடி விழுந்து அஞ்சு வருசமாச்சு. வண்ணாத்தி வந்தா, வாணியச்சி வந்தா, பேர் தெரியாதவுகல்லாம் வந்து துட்டி கேட்டுட்டுப் போனாவ. இவுக ஒரு நாள் வந்தாகளா? கேளுங்க. வந்தேன்னு சொல்லட்டும், உறவுன்னு நானே எழுதித் தாரேன்."

துரை அவன் பக்கம் திரும்பினார். "அவர்கள் சொல்லுவது மெய்யா? நீர் அவர்கள் இல்லத்துக்குப் போனது உண்டா?"

ரயிலில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. மாமன் மகள் என்று இப்போது சொன்னால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். சர்க்கார் முன்னால், சத்தியத்தின் பேரில். அதுமட்டுமா? அவள் கேட்டதற்கு என்ன பதில்? ஏன் வரவில்லை என்றால், உறவு என்பதால்தான் வரவில்லை. இதை எந்தத் துரைக்கு விளக்குவது?

"போனதில்லை" என்றான்.

"மெய்யா?"

"மெய்தான்."

துரைக்கு அது போதும். பதினேழு தாளில் முன்னூற்றுப் பதினோரு பேரை எழுதிக் கொடுத்தவன் ஒருத்தியை மறைப்பானா என்று அவரே சொல்லிச் சிரித்தாராம். மொட்டைக் கடுதாசி தள்ளுபடி. அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, மேற்படியை ஒப்புக்கொள்கிறேன் என்று அவன் கையெழுத்து. ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் அவன் இருந்த பக்கம் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினாள். படுதா விழுந்தது. வேதநாயகம் சன்னதை நீட்டினார். அவர் பாதிரிமார் பள்ளியில் படித்தவர். பொய்சாட்சி பற்றி அவருக்கு அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு, "பைய போம்வே, ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றார்.

அவனைக் காப்பாற்றச் சொன்னாளா, மனதில் இருந்ததைச் சொன்னாளா? இந்தக் கேள்வியை அவன் எத்தனையோ வயல் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள் அவள் என்பது எனக்குத் தெரிகிறது. அவனுக்கு அது தெரிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவள் வாசலில் அவன் ஒரு தடவை போய் நின்றாலும் அவள் சத்தியம் பொய்யாகிவிடும். அவள் சொன்னதை மெய்யாக்கிக்கொண்டே வாழ வேண்டியதாயிற்று.

கச்சேரியில் நடந்தது தெருவுக்கு வர எத்தனை நேரம் ஆகும்? மாமன் மகளை உறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உத்தியோகம் வாங்கினவன் என்று அந்த முன்னூற்றுப் பதினோரு பேரும் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. சாவுச் சேதியும் நின்றது. பாலம்மாள் இருந்தவரை அவள் வழியாக ஏதாவது காதில் விழும். அவளும் 1915இல் போய்விட்டாள். சன்னது சிவசண்முகம் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, குடையும் சங்கிலியுமாக, புன்னக்காயல் கடற்கரை வரை மற்றவர் நிலங்களுக்கு விலை சொல்லிக்கொண்டு திரிந்தான். நேர்மையான மதிப்புக்காரன் என்று பெயர். மறுபேச்சு கிடையாது.

1918இல் மழைக்காலத்தோடு விஷக்காய்ச்சல் வந்து ஜில்லாவையே வாரிக்கொண்டு போயிற்று. மார்கழியில் ஒரு நாள் அம்பாசமுத்திரத்தில் வேலை முடித்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தான். சேரன்மகாதேவியில் நெல் தரகர் ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். யாராயிருந்தாலும் அந்த நாளில் பேச்சு சாவைப் பற்றித்தான்.

"எங்க தெருவுல மட்டும் ஒம்பது பேரு அண்ணாச்சி. கோமு அம்மான்னு ஒருத்தவுக, தங்கமான மனுசி, அவுகளும் போய்ட்டாக. பதினாறும் கழிஞ்சு நாலு நாளாச்சு. கடைசியில தெளிவா இருந்தாக பாத்துக்கிடுங்க. யாருக்காவது சொல்லி அனுப்பட்டுமான்னு மாரிக்கண்ணு கேட்டிருக்கா. எனக்கு உறவுன்னு டவுண்ல யாரும் கெடையாது, போய்ச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாகளாம்."

சிவசண்முகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே ரயிலடிச் சாலை தெரிந்தது. நெல் வண்டிகள் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன. தரகர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றான். "ஒருக்க அவுக வயலுக்கு மதிப்புப் போட்டேன்."